மண்டபம் எந்தத் துறைக்குள் வரும்?

சற்று நீண்ட பதிவு. பன்னாட்டு உறவுகள் துறையில் ஆய்வு செய்வோரும் செய்ய எண்ணுவோரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அண்மையில் டெல்லியில் நடந்த ஓர் ஆய்வரங்கில் என் ஆய்வேட்டின் ஓர் இயலை முன்வைத்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடியேற்றக் கொள்கையைப் பாதுகாப்புக் கோட்பாடுகளின் வழியே பார்க்கும் இயல் அது. அதில் இரண்டு இடங்களை அருகருகே வைத்திருந்தேன். ஒன்று, மத்தியதரைக் கடலைக் கடந்து வருவோர் கரையேறும் இத்தாலியின் லாம்பெடூசாத் தீவு. மற்றொன்று, பாக் நீரிணையைக் கடந்து வருவோர் பதிவு செய்யப்படும் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாம். உரை முடிந்ததும் மூத்த அறிஞர் ஒருவர், கனிவான குரலிலேயே, ஓர் அறிவுரை கூறினார். லாம்பெடூசா பன்னாட்டு உறவுகளுக்கு உரியது; மண்டபம் ஒரு மாநில அரசின் மறுவாழ்வுத் துறை சார்ந்த விவகாரம்; அதைச் சமூகவியலாருக்கு விட்டுவிட்டால் ஆய்வேடு கட்டுக்கோப்பாக இருக்கும் என்றார். அவையில் பலரும் தலையசைத்தனர். அந்த இடத்தில் எனக்கு உரிய மறுமொழி தோன்றவில்லை. அதையே இங்கு எழுதுகிறேன்.

அவர் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. அவர் சொன்னது துறையின் பொதுப் பழக்கம். ஐரோப்பா எல்லையைக் காக்கும் முறையை நாம் கோட்பாடாகப் படிக்கிறோம். ஈழத்தமிழர் கடல் கடந்து வந்ததை வட்டாரச் செய்தியாகப் படிக்கிறோம். இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்பதும், அதைக் காணாதவரை நம் கோட்பாட்டறிவு அரைகுறையாகவே இருக்கும் என்பதும் என் வாதம்.

முதுகலையில் நான் படித்தது மொழியியல். அங்கிருந்து இத்துறைக்கு வரக் காரணம் ஒரு நடைமுறை பற்றிய செய்தி. புகலிடம் கோருபவர் தாம் சொல்லும் நாட்டைச் சேர்ந்தவர்தானா என்று அறிய, அவருடைய பேச்சைப் பதிவு செய்து மொழி ஆய்வுக்கு அனுப்பும் வழக்கம் 1990களிலிருந்து ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இருந்துவருகிறது. அதில் நேரக்கூடிய பிழைகளைக் கருதி, பல நாடுகளின் மொழியியலாளர்கள் சேர்ந்து 2004இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டனர். ஒருவர் எந்தச் சமூகத்தில் வளர்ந்தார் என்பதைப் பேச்சு காட்டக்கூடும். அவர் எந்நாட்டுக் குடிமகன் என்பதை அது காட்டாது என்பது அவற்றின் சாரம். அதை வாசித்தபோது என் நினைவுக்கு வந்தவர்கள் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள். வீட்டில் ஈழத்துப் பேச்சு, பள்ளியில் வடதமிழகத்துப் பேச்சு. பெற்றோர் விட்டுவந்த நாட்டை அவர்கள் பார்த்ததில்லை. பிறந்த நாடு அவர்களைக் குடிமக்களாக ஏற்கவில்லை. அவர்களுடைய ஒலிப்பதிவைக் கேட்டு எந்த நாட்டின் பெயரை எழுதுவது?

இப்போது கோட்பாட்டுக்கு வருகிறேன். குடியேற்றமும் பாதுகாப்பும் என்றவுடன் டெல்லி வகுப்பறைகளில் முதலில் கற்பிக்கப்படுவது கோபன்ஹேகன் சிந்தனைப் பள்ளியின் ‘பாதுகாப்பாக்கம்’ என்னும் கருத்தாக்கம். ஒலே வேவர், பேரி புசான் முதலியோர் 1993இல் வெளியிட்ட நூல் ஐரோப்பாவின் அடையாளம், குடியேற்றம், புதிய பாதுகாப்பு நிகழ்ச்சிநிரல் ஆகியவற்றைப் பற்றியது. 1998இல் வந்த அடுத்த நூல் இக்கருத்தாக்கத்தை முழுமையான சட்டகமாக வளர்த்தது. ஒரு விவகாரம் இயல்பிலேயே அச்சுறுத்தலாக இருப்பதில்லை, அதிகாரமுடைய ஒருவர் அதனை அச்சுறுத்தல் என்று அறிவிக்கிறார், கேட்போர் ஏற்றுக்கொள்கின்றனர், அதன் பின் வழக்கமான விதிகளை மீறிய நடவடிக்கைகளுக்கு வழி பிறக்கிறது என்பது அதன் சுருக்கம். இதன் வேர் மொழியியலாருக்கு நன்கு தெரிந்த ஜே.எல். ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாடு. சொல்வதே செய்வதாக அமையும் கூற்றுகள் பற்றிய அவருடைய விரிவுரைகள் 1962இல் நூலாயின. என் பழைய துறையின் கருவி ஒன்று புதிய துறையில் எல்லைக் காவலை விளக்கப் பயன்படுவதைக் கண்டு முதலில் நான் மகிழ்ந்தது உண்மை.

பின்னர் வேறொன்று உறுத்தியது. பாடத்திட்டங்களில் இக்கதை பெரும்பாலும் 2015இன் சிரிய அகதிகளிலிருந்து தொடங்குகிறது. சற்றுப் பின்னோக்கிச் செல்வோர் 1985இன் ஷெங்கன் உடன்பாட்டையும் 1990இன் டப்ளின் உடன்படிக்கையையும் தொடுவர். அந்த ஆண்டுகளில் ஐரோப்பிய வாயில்களில் நின்றவர்கள் யார் என்று கேட்பவர் குறைவு. நின்றவர்களில் கணிசமானோர் தமிழர்.

1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பியோருக்கு இரண்டு வழிகள் இருந்தன. வசதியற்றவர் படகேறி இராமேசுவரம் வந்தனர். கடன்பட்டோ காணி விற்றோ பணம் புரட்ட முடிந்தவர் விமானம் ஏறினர். அவர்களுள் பலருக்குக் கிழக்கு பெர்லின் வாயிலானது. ஷோனஃபெல்டு விமான நிலையத்தில் இறங்குவோர்க்குக் கிழக்கு ஜெர்மனி கடவு விசா கொடுத்தது. நகரத்தின் மேற்குப் பாதிக்குள் நுழையும்போது மறுபுறத்தில் குடியேற்றச் சோதனை இல்லை. ஏனெனில் பெர்லின் நகருக்கு நடுவே இருந்த கோட்டைப் பன்னாட்டு எல்லையாக ஏற்பதில்லை என்பது மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. பனிப்போரின் ஒரு சட்ட நுணுக்கம் யாழ்ப்பாணத்து இளைஞருக்கு வழியாயிற்று. மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, 1985இல் கிழக்கு ஜெர்மனி தமிழர்க்கு இந்த வழியை அடைத்தது. 1986 அக்டோபர் முதல், அடுத்த நாட்டின் விசா இல்லாத எவருக்கும் அடைத்தது. இரு ஜெர்மனிகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தையில் தமிழ் அகதியின் பயணம் ஒரு பேரப் பொருளாக இருந்தது. பன்னாட்டு உறவு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எது?

அதே 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்களுக்கு அந்நாடு அவ்வாறு செய்தது அதுவே முதல் முறை. 1986 ஆகஸ்டில், மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட 155 தமிழர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தபோது மீட்கப்பட்டனர். 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கிப் புகலிடம் கேட்டவர்களைத் திருப்பி அனுப்ப முற்பட்டபோது, அவர்களில் சிலர் விமான ஓடுதளத்தில் தங்கள் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சில வாரங்களிலேயே பிரிட்டிஷ் அரசு ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவந்தால், தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விமான நிறுவனத்தின் மீது விழும் என்றது 1987ஆம் ஆண்டின் அச்சட்டம்.

இந்த ஏற்பாடு இயங்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அரசு எல்லையில் நின்று புகலிடம் கேட்பவரை மறுத்தால், நீதிமன்றம் கேள்வி கேட்கும். விமான நிறுவனத்தின் ஊழியர் புறப்படும் நாட்டிலேயே பயணியை ஏற்ற மறுத்தால், புகலிடக் கோரிக்கையே பிறப்பதில்லை. மறுப்பு ஆணை இல்லை, மேல்முறையீடு இல்லை, வழக்கு எண் இல்லை. 1990இல் கையெழுத்தான ஷெங்கன் நடைமுறை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு இதே பொறுப்பை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை ஆணை ஒன்று அதற்கு வலுவூட்டியது. 2009இன் விசா விதித்தொகுப்பு, ஐரோப்பிய விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்குக்கூட விசா பெற வேண்டிய 12 நாடுகளைப் பட்டியலிட்டது; இலங்கை அதில் ஒன்று. மாநாட்டுக்காக ஐரோப்பா செல்லும் நம் ஆய்வு மாணவர்கள் டெல்லி விமான நிலையத்தில் பயணச்சீட்டுக் கவுண்டரிலேயே விசாவைக் காட்டுகிறோம். அந்தக் கவுண்டர் ஐரோப்பாவின் எல்லை. அதை அங்கே நகர்த்திவந்த வரலாற்றில் ஹீத்ரோவில் ஆடை களைந்தவர்களுக்கும் இடம் உண்டு.

நீதிமன்றங்களின் கதையும் இதைப் போன்றதே. 1987 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த சிவகுமாரன் வழக்கு ஆறு தமிழர் பற்றியது. ‘தக்க அடிப்படையுள்ள அச்சம்’ என்று அகதிகள் உடன்படிக்கை சொல்வதில், அச்சத்தை அளப்பது யார் என்பது கேள்வி. அஞ்சுபவரின் மனநிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் வாதிட்டது. ஆபத்து நேரக்கூடிய நியாயமான சாத்தியம் இருக்கிறதா என்பதைப் புறநிலையில் அரசே மதிப்பிட வேண்டும் என்று பிரபுக்கள் அவை முடிவு செய்தது. இன்றும் புகலிடச் சட்ட நூல்கள் அத்தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றன. 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஐவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சென்றனர். வில்வராஜா வழக்கு எனப்படும் அதில் 1991 அக்டோபர் 30 அன்று தீர்ப்பு வந்தது. திரும்பிய பின் அவர்களில் சிலர் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தனர். பிரிட்டனிலேயே மேல்முறையீட்டில் வென்று அவர்கள் மீண்டும் அங்கு வந்தும் விட்டனர். ஆயினும், துன்புறுத்தல் நேரலாம் என்ற வெறும் சாத்தியம் போதாது என்று கூறி, நீதிமன்றம் பிரிட்டன் மீது குற்றம் காணவில்லை. 2008 ஜூலையில் வேறொரு தமிழரின் வழக்கில் அதே நீதிமன்றம், அவரைத் திருப்பி அனுப்பினால் சித்திரவதைத் தடையை மீறியதாகும் என்று தீர்ப்பளித்தது. இந்த 17 ஆண்டு இடைவெளியில், எவ்வளவு ஆபத்து இருந்தால் ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற அளவுகோலைச் செதுக்கிய வழக்குகளில் தமிழர் வழக்குகள் முன்வரிசையில் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஷெங்கனும் டப்ளினும் தமிழரால் உருவாயின என்று நான் சொல்லவில்லை. ஒற்றைச் சந்தைக்கான பொருளியல் நோக்கம், துருக்கி, யூகோஸ்லாவியா, ஈரான் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர், 1989க்குப் பிந்தைய கிழக்கு ஐரோப்பிய மாற்றங்கள் எனக் காரணங்கள் பல. ஆனால் விசாக் கட்டாயம், கடவு வழி அடைப்பு, விமான நிறுவன அபராதம், புறநிலை அச்சம் ஆகிய நான்கு கருவிகள் உருவான வேளையில் தமிழர் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. அக்கருவிகள் முதலில் கூர்மை பார்க்கப்பட்டது அவர்கள் மீது. இதை அடிக்குறிப்பாகக்கூடச் சொல்லாத பாடத்திட்டத்தைக் கொண்டு ஐரோப்பிய ஆட்சிமுறையைக் கற்றோம் என்று நாம் எப்படிச் சொல்வது?

அடுத்த கேள்வி சான்றுகள் பற்றியது. லேனே ஹான்சன் 2000இல் எழுதிய கட்டுரையில், பேச்சைச் சார்ந்த இக்கோட்பாடு பேச முடியாதவர்களின் ஆபத்தைக் காண்பதில்லை என்று சுட்டிக்காட்டினார். அது சரியான விமர்சனம். தமிழ் அகதி விஷயத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அவர்கள் பேசினார்கள், நாம் வாசிக்கவில்லை. பெர்லினில் வாழும் பொ. கருணாகரமூர்த்தியின் ‘ஒரு அகதி உருவாகும் நேரம்’, பாரிஸில் வாழும் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ போன்ற ஆக்கங்கள் இருக்கின்றன. அவற்றை இலக்கியத் துறை வாசிக்கிறது. பன்னாட்டு உறவுத் துறைக்கு அவை தரவு அல்ல. புலம்பெயர்ந்தோரின் அன்றாடப் பேச்சில் ‘அசூல் அடித்தல்’ என்று ஒரு தொடர் உண்டு. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளின் சட்டச்சொல்லை எடுத்து, தமிழ் வினை ஒன்றோடு பிணைத்து, புகலிடம் கோருவதை ஒரு செயலாக்கியிருக்கிறார்கள். ‘கேஸ் எழுதுதல்’ என்பது மற்றொன்று. தன் வாழ்வை அதிகாரி ஏற்கும் வடிவில் தேதி வாரியாக அடுக்கித் தருவதற்கு அது பெயர். உண்மையான துன்பமும் ஏற்கப்படும் துன்பமும் ஒன்றல்ல என்பதை அந்த ஒரு தொடர் சொல்லிவிடுகிறது. அரசு பேசுவதை மட்டும் பேச்சுச்செயலாகக் கருதும் கோட்பாட்டுக்கு, அகதி தன் வழக்கை எழுதுவதும் பேச்சுச்செயலே என்பதைத் தமிழ்வழி ஆய்வு காட்ட முடியும்.

இனி இக்கரைக்கு வருவோம். மண்டபம் முகாம் 1983இல் தோன்றியதன்று. காலனிய காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரைத் தொற்றுநோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த இடம் அது. அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு அரசுகள் மேசையில் அமர்ந்து மனிதரைப் பங்கிட்ட இந்த ஒப்பந்தங்களை நம் துறை ‘இருதரப்பு உறவு’ என்ற தலைப்பில் ஒரு பத்தியில் கடந்துவிடுகிறது.

1983க்குப் பின் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதே கரைக்கு வந்தனர். பலர் திரும்பினர், சிலர் வேறு நாடு சென்றனர். உள்துறை அமைச்சகத்தின் அண்மைக்கால அறிக்கைகளின்படி ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், 34 ஆயிரம் பேர் வெளியிலும் வாழ்கின்றனர். இந்தியா 1951இன் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967இன் நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. எனவே சட்டத்தின் கண்ணில் ‘அகதி’ என்று ஒருவர் இல்லை, ‘அயல்நாட்டவர்’ இருக்கிறார். குடியுரிமைச் சட்டத்துக்கு 2003இல் வந்த திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வகையை உருவாக்கி, அவருக்குக் குடியுரிமையின் வாயில்களை அடைத்தது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் உயிர் தப்பி வந்தவர் அந்த வகைக்குள் விழுகிறார். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் குறிப்பிட்ட சமயத்தாருக்கு அந்த வாயிலைத் திறந்தது; இலங்கை அதில் இல்லை.

கோபன்ஹேகன் சட்டகம் இங்கே எங்கே பொருந்துகிறது? 1991 மே 21க்குப் பின், ஈழத்தமிழர் தமிழகத்தில் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டனர் என்பது உண்மை. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. அவர்கள் விருப்பத்துடன்தான் செல்கிறார்களா என்ற ஐயம் எழுந்ததால், அதே ஆண்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறக்க இசைவு கிடைத்தது. இதுவரை கோட்பாடு ஓரளவு விளக்கும். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் முகாம்களின் வாழ்வை நடத்தியது எந்த அறிவிப்பும் அல்ல. வருவாய்த் துறையின் பதிவேடு, கியூ பிரிவுக் காவல்துறையின் கண்காணிப்பு, முகாமை விட்டு வெளியூர் செல்லப் பெற வேண்டிய அனுமதி, தலைமறைவாவார் என்ற சந்தேகத்தில் ஒருவரை அடைக்கும் ‘சிறப்பு முகாம்’. உரத்த பேச்சு எதுவும் இல்லை; நடைமுறைகள் மட்டுமே உள்ளன. டிடியே பிகோ ஐரோப்பாவைப் பற்றி எழுதும்போது, பாதுகாப்பாக்கம் தலைவர்களின் உரைகளைவிட அதிகாரிகளின் அன்றாட வேலையில் நிகழ்கிறது என்றார். அவருடைய கருத்துக்கு மண்டபம் வலுவான சான்று. அதே வேளையில் ஒரு திருத்தமும் ஆகும்: இங்கே அதே வருவாய்த் துறைதான் உதவித்தொகையும் வழங்குகிறது. பரிவும் கண்காணிப்பும் ஒரே கையெழுத்தில் வருவதை ஐரோப்பிய நூல்களைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

2025இல் இரண்டு நிகழ்வுகள். மே மாதம், தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்கிலுமிருந்து வருவோரையெல்லாம் ஏற்க இந்தியா ஒரு தர்மசாலை அல்ல என்ற கருத்தை வெளியிட்டது. தம் நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று மனுதாரர் தரப்பு சொன்னபோது, வேறு நாட்டுக்குச் செல்லலாம் என்ற மறுமொழி வந்ததாகச் செய்திகள் கூறின. செப்டம்பரில், புதிய குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கு தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. முகாம்களில் அது நிம்மதி தந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரு நாட்டில் வாழ்ந்தவருக்குக் கிடைத்திருப்பது தண்டிக்கப்படமாட்டார் என்ற வாக்கு. இங்கு வாழும் உரிமை அல்ல.

‘வேறு நாட்டுக்குச் செல்லலாம்’ என்ற மறுமொழியை மீண்டும் கவனியுங்கள். எந்த நாட்டுக்கு? எந்த விமானத்தில்? கடவுச்சீட்டு இல்லாத அவரை ஏற்றும் நிறுவனத்தின் மீது அபராதம் விழும். விமானம் மாறுவதற்குக்கூட அவருக்கு விசா வேண்டும். 1985க்கும் 1990க்கும் இடையே ஐரோப்பா கட்டிய ஏற்பாடு, 2025இல் டெல்லி நீதிமன்ற அறையில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தை நிறைவேற்ற இயலாததாக்குகிறது. லாம்பெடூசாவும் மண்டபமும் ஒரே இயலில் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இதுதான். அங்கே அடைக்கப்பட்ட கதவின் மறுபக்கம் இங்கே இருக்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு. கையெழுத்திடாத இந்தியா, கையெழுத்திட்ட பல நாடுகளைவிட அதிகம் பேருக்கு இடமளித்தது. முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்தனர். பட்டமும் பெற்றனர் என்பர். முற்றிலும் உண்மை. ஐரோப்பாவின் சட்டங்கள் அழகானவை, நடைமுறை கொடியது. நம் சட்டம் வறியது, நடைமுறை இரக்கமுள்ளது என்று சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கற்பித்த பி.எஸ். சிம்னி 1998இலேயே, அகதி ஆய்வுகளின் புவிசார் அரசியல் பற்றிய தம் கட்டுரையில், தெற்கிலிருந்து வரும் அகதியை வேறு வகையானவராகச் சித்திரிக்கும் மேற்கத்திய அறிவுத்துறையைக் கேள்விக்குட்படுத்தினார். அந்தக் கேள்வியை மேற்கை நோக்கி வீசுவதோடு நாம் நின்றுவிடுகிறோம் என்பதே என் குறை. இரக்கம் ஆட்சி மாறினால் மாறும். மேல்முறையீடு செய்ய முடியாத இரக்கத்தை நம்பி மூன்றாம் தலைமுறை வளர்கிறது.

இதை டெல்லியில் இருந்துகொண்டு எழுதும்போது ஒரு சொல் மனத்தில் நெருடுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்து, ‘அகதிகள் முகாம்’ இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப்படும் என்றது. ‘அகதி’ என்றால் கதியற்றவர். அச்சொல்லைக் கைவிட்டதை மொழி மாணவராக நான் வரவேற்கிறேன். புதிய வீடுகளும் கட்டப்பட்டன. ஆனால் மறுவாழ்வு என்ற சொல்லுக்கு இந்த நகரத்தில் வேறொரு பொருள் இருந்தது. 1947இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தோரைக் கொண்டே டெல்லியின் பெரும்பகுதி எழுந்தது. மத்திய அரசு மறுவாழ்வு அமைச்சகம் அமைத்தது. லாஜ்பத் நகரும் ராஜேந்திர நகரும் தோன்றின. 1954இல் இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமையை அரசமைப்பே உறுதி செய்தது. தங்களை அகதி என்றழைக்க வேண்டாம், ‘புருஷார்த்தி’ என்று அழையுங்கள் என்று அவர்களில் பலர் கேட்டனர். அங்கே பெயர் மாறியபோது வாக்குரிமையும் வீட்டுப் பத்திரமும் கூடவே இருந்தன. நம் முகாம்களில் பெயர்ப்பலகை மாறியது. முகாம் என்ற சொல் அப்படியே நிற்கிறது. பிரிவினைச் சூழல் வேறு, ஈழச் சூழல் வேறு என்பதை அறிவேன். ஆயினும், ஒரே அரசு ஒரே சொல்லை இருவேறு பொருளில் ஆள்வதைக் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

ஆய்வு மாணவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ் தெரிந்தவர்களுக்கு, மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஐரோப்பியப் புகலிடச் சட்டத்தைப் படிக்கும்போது வழக்குப் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அந்தப் பெயருக்குரியவர்கள் எங்கிருந்து, எந்த வழியில், ஏன் வந்தனர் என்பதையும் படியுங்கள். இரண்டாவது, முதியோர் இன்னும் இருக்கிறார்கள். 1984இல் பெர்லினில் இறங்கியவருக்கு இன்று அறுபது வயதைக் கடந்திருக்கும். அதே ஆண்டில் மண்டபத்தில் இறங்கியவருக்கும் அப்படியே. அவர்களிடம் வழக்குத் தாள்களும் கடிதங்களும் பதிவு அட்டைகளும் இருக்கக்கூடும். அவற்றைக் கேட்டு வாசிக்க ஒரு தலைமுறைக் காலம்கூட எஞ்சியில்லை. மூன்றாவது, ‘நாடற்றோர்’, ‘திருப்பி அனுப்பாமை’, ‘பாதுகாப்பாக்கம்’ போன்ற சொற்களைத் தமிழில் ஆளத் தொடங்குங்கள். முகாமில் இருப்பவர் தம்மைப் பற்றிய ஆய்வைத் தாமே வாசித்து, இது தவறு என்று சொல்லும் நிலை வர வேண்டும். அது வராதவரை நாமும் அவருடைய ‘கேஸை’ அவருக்காக எழுதுபவர்களே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த பருவத்தில் குடியேற்றமும் பாதுகாப்பும் பற்றிய பாடத்தில், 2015க்கு ஒதுக்கிய வாரங்களில் ஒன்றை 1985க்குக் கொடுத்துப் பாருங்கள். வில்வராஜா தீர்ப்பையும் 1964 ஒப்பந்தத்தையும் ஒரே வாரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் கேட்கும் கேள்விகள் மாறும்.

என் இயலைப் பொறுத்தவரை, மண்டபம் அதிலேயே இருக்கும். ஆய்வேடு அதனால் கட்டுக்கோப்பை இழக்கிறது என்று தேர்வாளர் கருதினால், அதற்குரிய விளக்கத்தை இம்முறை ஆயத்தமாகவே எடுத்துச்செல்வேன்.